அஞ்சும் ஆறும் ஒரே சாம்பல்

போன ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியில் நான் நடத்தும் ஓவிய வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா மாடிப்படியிலேயே என்னை நிறுத்தினார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதம்மா. நாலு வருஷ டிசைன் படிப்புல மொத வருஷம் பூரா கோடு போடறதும் களிமண்ணு பிசையறதும்தான்னு பாப்பா சொல்லுது. அப்போ டிசைனை எப்போ சொல்லித் தருவாங்க? அந்த ஒரு வருஷத்துக்கும் சேர்த்துத்தானே ஃபீஸ் கட்டறோம்?"

"அது அஸ்திவாரம் மாதிரிக்கா" என்றேன். அந்த முதல் வருஷத்துக்குப் பெயர் ஃபவுண்டேஷன். அதைத் தமிழில் சொல்லிவிட்டால் விஷயம் விளங்கிவிடும் என்று ஒரு நினைப்பு.

அவர் வீட்டுக்காரர் கொத்தனார். "எந்த வீடு கட்டப் போறோம்னே தெரியாம எவனாச்சும் அஸ்திவாரம் போடுவானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் மகளின் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நியாயமான கேள்வி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அப்போதும் நான் பேந்தப் பேந்த விழித்தேன். இந்த முறை எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குக் காசிமேட்டில் படகுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். ஊருக்கெல்லாம் வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதம்தான் எங்கள் வீட்டில் பணம் புழங்கும் காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி நிற்கும். பழைய பெயின்டைச் சுரண்டணும், பட்டி பார்க்கணும், பிரைமர் அடிக்கணும், கடைசியில் பெயரும் பதிவு எண்ணும் எழுதணும். என் கோடை விடுமுறைகள் எல்லாம் உப்புத்தாள் வாசனையில் போனவை.

பள்ளிக்கூடத்தில் நான் 'படம் வரையுற பொண்ணு'. ஆண்டுவிழா என்றால் தலைவர் படம், ஆசிரியருக்குப் பிரிவுபசாரம் என்றால் அவர் படம். தெருவில் யாராவது நடிகர் பிறந்தநாளுக்குக் கேட்டால் அதுவும். என் ரகசியம் கட்டம். போட்டோவின் மேல் அரை அங்குலக் கட்டம், சார்ட்டில் இரண்டு அங்குலக் கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதை அப்படியே பெரிதாக்க வேண்டியது. அப்பாவின் கூட்டாளி ஒருவர் பேனர் ஆர்ட்டிஸ்ட்டாக இருந்து, ஃப்ளெக்ஸ் வந்தபின் கடை ஷட்டருக்குப் பெயின்ட் அடிக்கப் போனவர். அவர்தான் கற்றுக்கொடுத்தார். மவுண்ட் ரோட்டில் நின்ற எத்தனையோ ஆளுயரப் படங்கள் இந்தக் கட்டத்தில் பிறந்தவைதான், அதனால் முறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அது முகத்தைப் பார்க்காமலே முகம் வரைய வழி செய்து கொடுத்துவிட்டது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர் வேறு ஆள்.

ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். எழுபதுகளில் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவர். பிளஸ் ஒன் லீவில் அம்மா என்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நான் 32 படங்களைச் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அவசரமே இல்லை.

"நல்லா இருக்கும்மா. எதைப் பார்த்து வரைஞ்சே?"

"போட்டோவைப் பார்த்து சார்."

"இல்லியே. நீ கட்டத்தைப் பார்த்து வரைஞ்சிருக்கே."

அந்த வாரமே ஒருநாள் காலை ஆறரை மணிக்கு மெரினாவுக்கு வரச் சொன்னார். உழைப்பாளர் சிலைக்கு எதிரே நடைபாதையில் உட்காரவைத்தார். பஸ் ஜன்னலிலிருந்து நூறு முறை பார்த்த சிலை. நான்கு பேர் ஒரு பெரிய பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள், அவ்வளவு தெரியும். பென்சிலைச் சீவிக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சிலையை வரையாதே. அவங்க கால்களுக்கு நடுவுல, கைக்கும் உடம்புக்கும் நடுவுல ஆகாசம் தெரியுது பாரு, அதை மட்டும் வரை."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பத்து நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஒரு இடுக்கு கண்ணில் பட்டது, காற்றில் கிழிந்த பட்டம் மாதிரி, ஒரு பக்கம் நீண்டு. அதை வரைந்தேன். அதற்குப் பக்கத்தில் சப்பையாக ஒரு முக்கோணம். அதற்குக் கீழே ஒரு கீற்று. எதற்கும் பெயர் கிடையாது, தெரியாத ஊரின் வரைபடம் மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தாளைத் தள்ளிப் பிடித்தால், நடுவில் நான் தொடாத வெள்ளையில் ஒரு ஆள் குனிந்து நிற்கிறார். முதுகு வளைந்து, கால் நடுங்குகிற மாதிரி. அப்படி ஒரு முதுகை அதுவரை நான் வரைந்ததே இல்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கால் என்றால் மூளைக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு கால் அங்கே சேமிப்பில் இருக்கிறது, அதை எடுத்துக் கொடுத்துவிடும், கண்ணுக்கு வேலை வைக்காது. இடுக்குக்குப் பெயர் இல்லாததால் சேமிப்பிலும் ஒன்றும் இருக்காது. வேறு வழியில்லாமல் கண் பார்த்தாக வேண்டும். திரும்பும்போது டீக்கடையில் நின்றபடி மாஸ்டர் சொன்னார், அந்தச் சிலையைச் செய்தவர் தேவிபிரசாத் ராய் சவுத்ரி, ஏறக்குறைய முப்பது வருஷம் நம் எழும்பூர் கல்லூரிக்குத் தலைமை வகித்தவர், சிலை 1959-ல் வந்தது என்று. எனக்கு அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. என் 32 படங்களும் பாழ் என்ற துக்கத்தில் இருந்தேன்.

பின்னால் கல்லூரிக்குப் போனபோது, முதல் வாரத்தில் ஒரு நாற்காலியை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, கால்களின் இடைவெளியை மட்டும் வரையச் சொன்னார்கள். மெரினா காலை ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். ஃபவுண்டேஷன் வருஷம் என்றால் பெரும்பாலும் இந்த மாதிரி வேலைகள்தான். சொல்லும்போது அற்பமாகத்தான் இருக்கும். அதனால்தான் அந்த அம்மாவுக்குக் கோபம் வருகிறது.

இதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1919-ல் ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோபியஸ் பவுஹவுஸ் என்ற பள்ளியைத் தொடங்கினார். அங்கே தச்சு, நெசவு, உலோகம், மண்பாண்டம் என்று தனித்தனிப் பட்டறைகள். எந்தப் பட்டறைக்குள் நுழைவதற்கு முன்னாலும் எல்லோரும் ஒரு பொதுப் பயிற்சியை முடித்தாக வேண்டும். அதை அமைத்தவர் யோஹான்னஸ் இட்டன். சொரசொரப்பு, வழவழப்பு, வெளிச்சம், இருட்டு என்று முரண்களைத் தொட்டும் பார்த்தும் பழகவைத்தார். அவருக்குப் பின் வந்தவர்களில் ஜோசப் ஆல்பர்ஸ் எனக்குப் பிடித்தவர். வகுப்பில் செய்தித்தாளைக் கொடுத்து, துண்டு துணுக்கு வீணாகாமல் இதில் ஏதாவது செய்யுங்கள் என்று விட்டுவிடுவாராம். கப்பல், கோட்டை என்று செய்தவர்களைவிட, தாளை நடுவில் மடித்து நிற்கவைத்தவரைத்தான் பாராட்டினார் என்று சொல்வார்கள். காகிதத்தின் குணமே அந்த மடிப்பில்தான் தெரிகிறது. நாஜிகளின் நெருக்கடியில் 1933-ல் பள்ளி மூடப்பட்டது. ஆசிரியர்கள் நாடு நாடாகப் போனார்கள், அந்தப் பயிற்சியும் அவர்களோடு கூடவே போனது.

இங்கிலாந்தில் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் என்ற ஓவியர் தலைமையில் ஒரு குழு 1960-ல் அறிக்கை கொடுத்தது. அதையொட்டிக் கலைப் படிப்புக்கு முன்னால் தனியாக ஒரு ஆயத்த வருஷம் வந்தது. பள்ளி முடித்துவிட்டு அந்த ஒரு வருஷம், பிறகு மூன்று வருஷப் பட்டம் என்கிற வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. நம் ஊரில் அந்த வருஷத்தை நாலு வருஷப் பட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யிலும், தரமணியில் இருக்கும், ஃபேஷன் படிப்புக்கான நிஃப்டிலும் முதல் வருஷம் ஃபவுண்டேஷன்தான். அந்த என்.ஐ.டி.க்கு வித்திட்டது 1958-ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கை. நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர்கள் மிகவும் வியந்து எழுதிய பொருள் எது தெரியுமா? சொம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்கணும், இடுப்பில் எப்படி உட்காரணும், சாய்த்தால் எப்படி ஊற்றணும், கழுவுவதற்குக் கை உள்ளே போகுமா என்று அதற்குப் பின்னால் எத்தனை கேள்விகள் என அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். அதைப் படித்த அன்றைக்கு எங்கள் ஆயாவின் பித்தளைச் சொம்பை எடுத்து அரை மணி நேரம் உருட்டிக்கொண்டிருந்தேன். "தண்ணி வேணும்னா கேளேண்டி" என்றாள் ஆயா.

எழும்பூர் கல்லூரி இதற்கெல்லாம் மூத்தது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-ல் தனிப் பள்ளியாகத் தொடங்கி, 1852-ல் அரசு எடுத்துக்கொண்டது. பவுஹவுஸுக்கு 69 வருஷம் அக்கா. சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம். வடசென்னைப் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒரு இடம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருப்பதே தெரியாது என்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஓவியம், சிற்பம், பதிப்போவியம், சுடுமண், ஜவுளி, காட்சித் தொடர்பு என்று அங்கே எல்லாம் இருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். மாஸ்டர் சொன்னதை நான் கேட்கவில்லை. பிளஸ் டூ சமயத்தில், அம்மா சீட்டு எடுத்த பணத்தில், நகரத்தின் இன்னொரு மூலையில், டிசைன் நுழைவுத் தேர்வுக்கான ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். ஆறு வாரம். அங்கே எல்லாவற்றுக்கும் தயார் நிலையில் ஒரு படம் வைத்திருந்தார்கள். மழைக் காட்சி என்றால் பஸ் ஸ்டாப், இடது ஓரத்தில் பெரிதாக ஒரு குடை, தூரத்தில் சின்னதாக ஒரு பஸ். திருவிழா என்றால் முன்னால் பலூன்காரர், பின்னால் ராட்டினம். எந்தத் தலைப்பு வந்தாலும் இந்த ஏழெட்டுப் படத்தில் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதிவிடலாம் என்றார்கள். நாற்பது பேரும் அதே குடையை வரைந்தோம், கைப்பிடி வளைவு உட்பட. இதுவும் கட்டம்தான், கோடு தெரியாத கட்டம். தேர்வில் மழை வரவில்லை, கதவு வந்தது. திறந்தும் திறக்காமலும் இருக்கும் ஒரு கதவு. நான் அதற்குப் பக்கத்தில் ஒரு குடையைச் சாத்தி வைத்துவிட்டு வந்தேன். தேறவில்லை.

அந்த மே மாதம் வீட்டில் பேச்சே இல்லை. அப்பா மட்டும் "சும்மா இருந்தா துறைமுகத்துக்கு வா" என்றார். ஒரு வருஷம் போனது. பி.காமில் சேர்த்துவிடலாம் என்று மாமா தினமும் வந்து சொல்லிவிட்டுப் போவார். நான் மறுபடியும் மாஸ்டரிடம் போனேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 200 பக்கம், கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார். "உங்க வீட்டுல தினமும் வர்ற பொருள் எது?" என்றார். மீன் என்றேன்.

ஆயா தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்றவள். மதியம் பன்னிரண்டரைக்கு, விற்காமல் மிஞ்சியதோடு வீட்டுக்கு வருவாள். அதில் ஒன்று எனக்கு. ஒரே நிபந்தனை, குழம்பு கொதிப்பதற்குள் திருப்பிக் கொடுக்கணும். புளி கரைத்து, வெங்காயம் வதங்கி, குழம்பு கொதி வர அம்மாவுக்கு இருபத்தைந்து நிமிஷம். எனக்குக் கிடைத்த நேரம் அதுதான்.

முதல் நாள் கானாங்கெளுத்தி. மீன் என்றால் என் கை தானாகவே ஒரு இலை மாதிரி வரைந்து வாலில் ஒரு முக்கோணம் ஒட்டியது. சேமிப்பிலிருந்த மீன். பக்கத்தில் கிடந்த மீன் வேறு. முதுகில் நீளவாக்கில் கருங்கோடுகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக ஓடுகிறது. வாலுக்கு முன்னால் சின்னச் சின்னத் துடுப்புகள் வரிசையாக, ரம்பப் பல் போல. அதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறேன், பதினெட்டு வருஷம் தின்றபிறகு. நாலாம் நாள் வண்ணம் தீட்டப் பார்த்தேன். நான் கலக்கக் கலக்க மீன் நிறம் மாறிக்கொண்டே வந்தது. காலையில் படகிலிருந்து இறங்கும்போது இருக்கும் அந்த நீலப் பளபளப்பு மதியத்துக்குள் மங்கி ஈயமாகிவிடும். கண் துல்லியமாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகப் பால் படர்ந்து உள்ளே போகும். ஆயா அதைப் பார்த்துத்தான் விலை சொல்வாள். நான் அதைப் பார்த்து வரைய இரண்டு மாதம் ஆனது. பிறகு அதிகாலையில் துறைமுகத்துக்கே போக ஆரம்பித்தேன். ஏலம் நடக்கிற இடத்தில் நோட்டோடு நிற்கும் பெண் என்றால் கூட்டம் கூடும் என்று பயந்தேன். கூடியது. "ஏ பொண்ணு, எறா மீசை இவ்ளோ குட்டையாவா இருக்கும்?" என்று ஒரு அம்மா என் பென்சிலைப் பிடுங்கி நீட்டி வரைந்து காட்டினார். அந்த மீசை இன்றும் என் நோட்டில் இருக்கிறது. அதில் இருப்பதிலேயே உயிருள்ள கோடு அதுதான்.

நோட்டு முடிவதற்குள் 112 மீன், 9 நண்டு. பல பக்கங்களில் எண்ணெய்க் கறை, ஒன்றிரண்டில் மஞ்சள்தூள்.

அடுத்த வருஷ நேர்முகத்தில் கையில் நடிகர் படங்கள் ஐந்தும் வைத்திருந்தேன், ஒரு தைரியத்துக்கு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடிகர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி தள்ளிவிட்டு மீன் நோட்டைத் திறந்தார்கள். ஒருவர் மஞ்சள்தூளை முகர்ந்தே பார்த்தார். "ஏன் எல்லாமே பாதியில் நிற்கிறது?" என்று கேட்டார். குழம்பு கொதித்துவிடும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர்கள் சிரித்து அடங்க நேரமானது. இடம் கிடைத்தது. வெளியூர்க் கல்லூரி.

முதல் வருஷத்தைப் பற்றி எல்லாம் சொல்லப்போவதில்லை. இரண்டு விஷயம் போதும்.

ஒன்று, சாம்பல். பொங்கல் லீவுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். ஒரு அங்குலக் கட்டம் ஒன்பது. முதல் கட்டம் வெள்ளை, ஒன்பதாவது கறுப்பு, நடுவில் ஏழு சாம்பல். ஒவ்வொரு படியும் கண்ணுக்கு ஒரே அளவு இறங்கணும். போஸ்டர் கலரும் பிரஷும்தான், வேறு கருவி கிடையாது. நான் கணக்குப் போட்டு ஆரம்பித்தேன். வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்பு, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று. மூன்றாவது கட்டத்திலேயே இருட்டிவிட்டது. மீதி எல்லாம் ஒரே கரி. கண் அப்படிக் கூட்டல் கணக்கில் பார்ப்பதில்லை. வெள்ளையில் விழும் முதல் சொட்டு ஊரையே கூட்டும். கறுப்பை நெருங்க நெருங்க இரண்டு சொட்டு மூன்று சொட்டு விழுந்தாலும் அடையாளம் தெரியாது, கரண்டிக் கணக்கில் ஊற்றணும். இது விளங்கவே ஒரு பகல் போனது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம் என்பது வேறு தொல்லை.

இரண்டாம் நாள் ராத்திரி ஒன்பதையும் வெட்டி ஒட்டி, சுவரில் சாய்த்து வைத்தேன். அப்பா எட்டடி தள்ளிப் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"அஞ்சும் ஆறும் ஒரே சாம்பல்" என்றார்.

"இல்லப்பா, ஆறுல கறுப்பு கூட. நான்தானே கலக்கினேன்."

"நீ கலக்கினதை யார் கேட்டா? கண்ணை லேசா மூடிக்கினு பாரு."

இமையைப் பாதி மூடிப் பார்த்தேன். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருந்த கோடு காணாமல் போய் இரண்டும் ஒரே பட்டையாகிவிட்டது. மற்ற எல்லாக் கோடும் நின்றது. இதே வித்தையை நவம்பரில் ஒரு பேராசிரியர் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் குறிப்பெடுத்து வைத்ததோடு சரி. அப்பாவுக்கு அது பிழைப்பு. படகில் ஓர் இடத்தில் மட்டும் பெயின்ட் போய்விட்டால், வெயிலில் வெளுத்த பழைய நிறத்துக்குப் பொருத்தமாகப் புதிதைக் கலக்கணும். ஒட்டுப்போட்டது இருபதடி தள்ளித் தெரிந்தால் படகுக்காரர் கூலியைக் குறைப்பார். எழுந்து வந்து ஒரு தட்டில் கலக்கினார். இரண்டாவது முறையே சரியாக வந்தது. அந்த வீட்டுப்பாடத்தில் ஆறாவது கட்டத்துக்கான மார்க் அவருடையது, நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்று, களிமண். நான் அனிமேஷன் படிக்கணும் என்று போனவள். நடுவில் மூன்று வாரம் சுடுமண் பட்டறை வந்தது, எல்லோருக்கும் கட்டாயம். மண்ணைப் பிசைந்து காற்றுக் குமிழியை வெளியேற்றணும், நன்றாகக் காயவைக்கணும், ஈரம் இருந்தால் சூளையில் வெடிக்கும். என் முதல் மூன்று கிண்ணமும் போயின, ஒன்று பக்கத்துப் பையனுடையதையும் உடைத்துக்கொண்டு போனது. கடைசி வாரம் கொடுத்த வேலை: ஊற்றும்போது வெளிப்பக்கம் வழியாத மூக்கு வைத்து ஒரு கூஜா. கேட்க எவ்வளவு சுலபம். டீக்கடைக் கெட்டிலிலிருந்து வீட்டுப் பால் குண்டான் வரைக்கும் எல்லாம் வழியத்தான் செய்கிறது, நாமும் துடைத்துக்கொண்டே வாழ்கிறோம். பதினாலு மூக்கு செய்தேன். உதடு தடிமனாக, உருண்டையாக இருந்தால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறது. விளிம்பைக் கத்தி மாதிரி மெலிதாக்கி, லேசாகக் கீழே வளைத்தால் தாரை அங்கேயே வெட்டுப்படுகிறது. பன்னிரண்டாவது மூக்கு வழியவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பட்டறையில் தனியாக நின்று ஊற்றுகிறேன், நிறுத்துகிறேன், மறுபடி ஊற்றுகிறேன். வாட்ச்மேன் வந்து குழாயை மூடிவிட்டுப் போகும்வரை.

அடுத்த வருஷம் துறை தேர்ந்தெடுக்கும் படிவத்தில் சுடுமண் என்று எழுதினேன். வீட்டில் பூகம்பம். "சட்டி பானை செய்யறதுக்கா நாலு வருஷம்?" என்று அம்மா ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. இன்றைக்கு நான் ஒரு டைல்ஸ் கம்பெனியில் பாத்ரூம் தரை ஓடு வடிவமைக்கிறேன். ஈரக்காலோடு நடந்தால் வழுக்கக் கூடாது, ஆனால் அழுக்கும் தங்கக் கூடாது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வேலை இல்லைதான், ஆனால் எனக்கு அலுக்கவே இல்லை.

கொத்தனார் வீட்டு அக்காவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இந்த மூன்று வாரத்தைத்தான். பதினேழு வயதில் நான் கேள்விப்பட்டிருந்த துறைகள் இரண்டே இரண்டு, சினிமாவும் விளம்பரமும். நேரே அனிமேஷனில் போட்டிருந்தால் அதில் சுமாராக எதையோ செய்துகொண்டிருப்பேன். மண்ணைத் தொடாமல் மண் பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? மனை பார்க்கவே அந்த வருஷம் தேவைப்படுகிறது.

ஆனால் அவர் கேள்வியின் இன்னொரு பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு வருஷம் தேடிப் பார்ப்பதற்கு ஆகிற காசு. நான் பார்த்தவரையில் மாச வருமானம் நிலையாக வருகிற வீடுகளில் ஃபவுண்டேஷன் ஒரு குதூகலம். எங்கள் தெருவில் அது கடன். படைப்புகளை ஆசிரியர்கள் மதிப்பிடும் முதல் ஜூரியில் என் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் படைப்பைப் பற்றிக் கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார்கள். தப்பாக வந்ததையும் 'ஆராய்ச்சி' என்று அழகாகச் சொன்னார்கள். நான் தப்பு செய்தால் தப்பு என்று ஒத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தமிழில் பேசு, ஒருத்தர் மொழிபெயர்க்கட்டும் என்று ஒரு பேராசிரியர் சொன்னபிறகுதான் வாய் திறந்தது. தப்பு செய்வதற்குத் தைரியம் வேண்டும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தைரியத்துக்கும் விலை இருக்கிறது.

ஞாயிறு வகுப்பை நான் ஆரம்பித்தது அதனால்தான், இலவசமாக. அந்த வருஷத்தில் கொஞ்சத்தையாவது இங்கேயே, மொட்டைமாடியில், காசில்லாமல் முடித்துவிட முடியுமா என்று ஒரு முயற்சி. விலை உயர்ந்த ஸ்கெட்ச் புக் வேண்டாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வெட்டி மிஞ்சிய காகிதத்தை எடைக்கு வாங்கி நாங்களே தைத்துக்கொள்கிறோம். பென்சில் 2பி, 6பி இரண்டு போதும். ரப்பருக்கு முதல் மாதம் தடை. தேர்வு விவரம் கேட்டு நிறையப் பேர் எழுதுகிறீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசைன் படிப்புக்காக ஐ.ஐ.டி. பாம்பே நடத்தும் யூசீட் தேர்வு ஜனவரியில் வரும், அதாவது பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாலேயே. எந்த குரூப் படித்தாலும் எழுதலாம், அடுத்தடுத்த இரண்டு வருஷம் மட்டும் எழுதலாம், வினாத்தாள் ஆங்கிலத்தில்தான். நிஃப்டுக்கும் என்.ஐ.டி.க்கும் தனித்தனித் தேர்வு. இரண்டாம் கட்டத்தில் கையில் பொருளைக் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள், அங்கே மனப்பாடக் குடை உதவாது. எழும்பூர் கல்லூரிக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. அதை விட்டுவிடாதீர்கள் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை, நானும்தான் மாஸ்டரைக் கேட்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாடியில் வகுப்பு இல்லை. காலை முதல் மெட்ரோவில் தண்டையார்பேட்டையில் ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, வாலாஜா சாலையில் நடந்தே உழைப்பாளர் சிலைக்குப் போகிறோம். குரூப்பில் செய்தி போட்டதும் அந்த அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். பாப்பாவோடு அவரும் வருகிறாராம், வீட்டுக்காரரும் வருகிறாராம். கொத்தனாருக்கு அன்றைக்கு வேலை இல்லை. நெம்புகோலைப் பிடித்திருக்கும் கை சரியாக இருக்கிறதா என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கணுமாம் அவருக்கு.